இறங்கும் கோட்டைத் திருப்பி மாட்டிய பெரியப்பாவுக்கு

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தம்பி மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், நான் நலம், மழைக்குப் பிறகும் வீட்டுக் கூரை நலம். அப்பாவைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம் என்பதால் அவருடைய நலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே தங்கள் நலமும் பெரியம்மாவின் நலமும் தங்கள் இரண்டு கடைகளின் நலமும் அறிய ஆவல் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன்.

உங்கள் இரண்டாவது மூலிகைக் கடையின் திறப்பு விழாவில் மைக்கை என் கையில் திணித்து, "நம்ம வீட்டு விஞ்ஞானி ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றீர்கள். நான் "வணக்கம், நன்றி" என்று சரியாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். அன்று நான் சொல்லாமல் விட்டது கொஞ்சநஞ்சமல்ல. எனக்குப் பின்னால் சுவர் அளவுக்கு மாட்டியிருந்த படம் தலைகீழாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்தப் படத்தில் இருப்பது ஓர் எலியின் ரத்தக் குழாய் பட்ட பாடு என்று சொல்லவில்லை. அதுவும் எலிக்குள் இருந்த குழாய் இல்லை, எலியை விட்டு வெளியே வந்துவிட்ட குழாய் என்று சொல்லவில்லை. "எங்கள் மகள் கண்டுபிடித்த ஜின்செங்" என்று நீங்கள் எழுதிப் போட்டிருந்த வேரை நான் கண்டுபிடிக்கவில்லை, அது நான் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே மண்ணுக்குள் தன்பாட்டில் இருந்துவருகிறது என்று சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து எனக்காகக் கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, அப்பா, இது உங்களுக்கு இல்லை, உங்களுக்கு மட்டும் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அதைச் சொல்லத் தேவைப்படும் என்றுகூட எனக்கு அன்று தோன்றவில்லை.

ஆகவே இப்போது சொல்கிறேன். கடையில் ஆள் வந்தால் வரட்டும், இதை உட்கார்ந்து படியுங்கள். எலியின் நெஞ்சிலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயை நாங்கள் மோதிரம் மோதிரமாக நறுக்கி, இரண்டு மெல்லிய கம்பிக் கொக்கிகளுக்கு நடுவே மாட்டி, உடம்புச் சூட்டில் இருக்கும் உப்புநீரில் தொங்கவிடுவோம். முதலில் ஒரு மருந்தை விட்டு அதை இறுகவைப்போம். கம்பி இழுபடும், திரையில் கோடு ஏறும். பிறகு ஜின்செங் வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருளைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் செல்கள் அதைக் கண்டதும் ஒரு வாயுவை வெளிவிடும். வாயு பட்டதும் வெளிச்சுற்றில் இருக்கும் தசை பிடிவாதத்தை விட்டுத் தளரும், குழாய் விரியும், கோடு இறங்கும். பெரியப்பா, இறங்குவதுதான் நல்ல சேதி. அந்த உள்தோலைத் தேய்த்து எடுத்துவிட்டால், அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் கோடு அசையாது. இதே வேரில் இருக்கும் ஒரு பொருள் புதிய குழாய்களைத் துளிர்க்கவைக்கிறது, இன்னொன்று துளிர்க்கவிடாமல் தடுக்கிறது. ஒரே வேருக்குள் ஒருவர் கதவைத் திறக்க ஒருவர் சாத்துகிறார். நம் குடும்பத்தில் வளர்ந்தவள் என்பதால் இதைப் புரிந்துகொள்ள எனக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கொக்கியில் தொங்கும் குழாய்க்கு நான் நேராக ஊட்டிவிடுகிறேன். வாயால் குடிக்கிறவருக்கோ அது வயிற்றைக் கடந்து, குடலில் குடியிருக்கும் கிருமிகளிடம் சிதைந்து, கடைசியில் ரத்தத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது தனி வழக்கு. ஆக, என் ஆராய்ச்சியை நம்பி ஒருவர் பலனடைய வேண்டுமானால் அவர் முதலில் எலியாகப் பிறந்திருக்க வேண்டும், அடுத்து இறந்திருக்க வேண்டும், அதற்கும் மேல் பொறுமையாகக் கொக்கியில் தொங்க வேண்டும்.

அந்தப் படம் உங்களிடம் எப்படி வந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாநாட்டுக்காக நான் அச்சடித்துவந்த தாளைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டிருந்தேன். அப்பா ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து, என்னிடம் கேட்டால் தரமாட்டேன் என்று தெரிந்து, கேட்காமலே உங்களுக்குக் கொடுத்திருக்கிறார். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு ஃபிளெக்ஸ் கடைக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் நல்ல வேலைக்காரர்; நீங்கள் சொன்னபடி கோட்டை மட்டும் தலைகீழாகத் திருப்பி, எழுத்துகளை நேராகத் தட்டச்சு செய்து பொருத்திவிட்டார். திறப்பு விழா அன்று காலையில், மாலை கட்டும் சந்தடியில் உங்கள் பக்கத்தில் வந்து, "பெரியப்பா, படம் தலைகீழா இருக்கு" என்று காதோடு சொன்னேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்மா. நான்தான் திருப்பச் சொன்னேன். இறங்குற கோட்டை வாசல்ல மாட்டினா எவன் உள்ள வருவான்?"

வியாபாரத்தில் ஊறியவருக்கு ஏறுகிற கோடு லாபம், இறங்குகிற கோடு நஷ்டம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடைக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும், ஆள் உயரத்துக்கு, வண்ணத்தில், இந்த வேர் ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் என்று என் பெயரால் அறிவித்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதில் யாரைப் பாராட்டுவது என்று தெரியாமல்தான் அன்று இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன்.

அதோடு விட்டீர்களா? பட்டமளிப்பு விழாவில் நான் கண்ணை மூடியிருந்த போட்டோவையும் அந்தக் கோட்டையும் சேர்த்துத் துண்டறிக்கை அடித்தீர்கள். அதிலிருந்து என் போனுக்கு ஓய்வில்லை. அம்மா வழி மாமா ஒருவர் இதைத் தலையில் தேய்த்தால் முடி வருமா என்று கேட்டார். ரத்தக் குழாய் விரியும்போது முடி மட்டும் ஏன் வராது என்பது அவருடைய வாதம். அதற்குப் பதில் சொல்ல நான் இன்னொரு பட்டம் வாங்க வேண்டும். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும், தலை லேசாகச் சுற்றுவது குணமாவதன் அறிகுறிதானே என்றும் கேட்டு வாழ்த்துச் சொன்னார். அவரை மருத்துவரிடம் போகவைக்க நான் பட்ட பாட்டில் என் அழுத்தம் ஏறியது. நான் சத்தமில்லாமல் இருக்கிற ஆள், பெரியப்பா. சாப்பாட்டு இடைவேளையில் புத்தகத்தை மறைத்துவைத்துப் படித்துவிட்டு, ஒருவரும் கவனிக்காமல் திரும்பிவந்து வேலையைப் பார்க்கிறவள். இப்போது பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருக்கிற என் மூடிய கண்களுக்கு யாரோ பேனாவால் கண்ணாடி வரைந்துவிட்டார்கள்.

துண்டறிக்கை கடைசியில் எங்கள் பேராசிரியரின் மேசைக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் அதிகம் பேசாத அம்மாள். என்னைக் கூப்பிட்டு, தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"இது நம்ம ரிசல்ட்டா?"

"திருப்பிப் பிடிச்சா நம்மளதுதான், மேடம்."

அவர் தாளை மேல்கீழாகப் புரட்டி, பின்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார். "கோடு நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். பிறகு, என் அனுமதி இல்லாமல் இது அச்சானது என்று விளக்கம் எழுதித் தரும்படி சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதில் உங்களை "குடும்ப நண்பர்" என்று குறிப்பிட்டிருக்கிறேன். பெரியப்பா என்று எழுதினால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இதெல்லாம் போகட்டும். மானம் போனால் இன்னொரு ஊருக்கு வேலை தேடிப் போய்விடலாம். இனி எழுதப்போவதற்கு அப்படி ஒரு வழி இல்லை.

அப்பாவின் நெஞ்சுக்குள் உலோக வால்வு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும்; அறுவைச் சிகிச்சை அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள்தான் அம்மாவைச் சமாளித்தீர்கள், அதை நான் மறக்கவில்லை. அந்த வால்வில் ரத்தம் உறைந்து கட்டி பிடிக்காமல் இருக்க, அவர் உயிரோடு இருக்கும்வரை ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தம் எவ்வளவு சுலபத்தில் உறைகிறது என்பதைச் சோதித்து ஓர் எண் சொல்வார்கள். அந்த எண் குறைந்தால் கட்டி பிடிக்கும், கூடினால் ரத்தம் கசியும். கயிற்றின் மேல் நடப்பது மாதிரி. அவருக்குக் கோளாறு குழாயில் இல்லை, வால்வு என்கிற கதவில். குழாயை விரிக்கிற எதுவும் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் ஜின்செங் சிலருக்கு அந்த மாத்திரையின் வேலையை மட்டுப்படுத்தும்.

திறப்பு விழாவுக்குப் பிறகு அப்பாவின் எண் இறங்க ஆரம்பித்தது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார், எண் மேலும் இறங்கியது. மாத்திரையை விழுங்குகிறாரா, துப்புகிறாரா என்று அம்மா பக்கத்திலேயே நின்று, வாயைத் திறந்து காட்டச் சொன்னார். கீரை அதிகம் சாப்பிட்டால் இப்படி ஆகும் என்று மருத்துவர் சொல்லிவைத்தார். அன்றோடு வீட்டில் கீரை நின்றது, பிறகு முட்டைக்கோஸ் நின்றது, பிறகு பீன்ஸ், பிறகு வெறும் சந்தேகத்தின் பேரில் வெள்ளரிக்காய். சமையலறையில் பச்சை நிறத்தில் மிஞ்சியது பாத்திரம் தேய்க்கும் நார் ஒன்றுதான். எண் அப்படியும் இறங்கியது. அம்மா சமைப்பதற்கே பயந்தார். மருத்துவர் அம்மாவைப் பார்த்த பார்வையில் "என்னதான் கொடுக்கிறீர்கள்?" என்ற கேள்வி இருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் அறியாதவராகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் காலைச் சாப்பாட்டின்போது அப்பா அம்மாவிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. கையிலிருந்த ஸ்பூன் தட்டில் விழுந்தது. ஸ்பூனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. நாங்கள் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. முதலில் வந்த வார்த்தை "உப்பு". அதைத்தான் கேட்க நினைத்தாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. வால்விலிருந்து ஒரு பொடி அளவு கட்டி புறப்பட்டு மூளைப் பக்கம் போய்க் கரைந்திருக்கலாம், இது எச்சரிக்கை, அடுத்தது எச்சரிக்கையாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். வார்டில் அம்மா அவருக்கு வெந்நீர் கொடுக்க, அவர் தினமும் நடைப்பயிற்சிக்குக் கொண்டுபோகும் பிளாஸ்கைத் திறந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. ஆய்வகத்திலிருந்து என் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற, மண்ணும் கசப்பும் கலந்த வாசனை. அதனால்தான் வீட்டில் இத்தனை நாளாக அது வேறு யாரிடமிருந்து வருகிறது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

அடியில் உங்கள் வேர்த் துண்டுகள் கிடந்தன.

கோபப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். அவர் களவு பிடிபட்டவர் மாதிரி இல்லை, பரிசைப் பிரிப்பதற்குள் பார்த்துவிட்டார்களே என்கிற மாதிரி இருந்தார்.

"அண்ணன்தான் சொன்னாரு, இப்ப பாப்பாகிட்ட சொல்லாத, நல்லா ஆனப்புறம் சொல்லு, சந்தோஷப்படுவான்னு. நீ கண்டுபிடிச்சதை நானே குடிக்கலைன்னா வேற எவன்மா குடிப்பான்?"

நான் கண்டுபிடிக்கவில்லை என்றேன். இது உங்கள் மாத்திரைக்கு ஆகாது என்றேன். எலி, கொக்கி, உப்புநீர் எல்லாம் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, பக்கத்துப் படுக்கைக்காரரிடம் திரும்பி, "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் சார். முதல் பரிசு வாங்கிட்டு வந்து பைக்குள்ள ஒளிச்சு வைப்பா. பெருமையா பேசவே தெரியாது" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர் நிறைகுடம் தளும்பாது என்று சொல்லி, உங்கள் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்.

உங்களுக்குப் புரிகிறதா? நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அது அடக்கம் ஆகிவிடுகிறது. அடக்கம் கூடக்கூட அவருக்கு வேரின் மேல் நம்பிக்கை கூடுகிறது. நான் வாயைத் திறந்தால் அப்பாவின் எண் இறங்குகிறது. மருத்துவர் சொன்னால், "டாக்டருக்கு இதெல்லாம் பிடிக்காது, அவங்க பொழப்பு போயிடும்ல" என்கிறார். அம்மா அழுதால், "பயந்த சுபாவம்" என்கிறார். பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. நீங்கள் அந்த வேரைத் தொடுவதே இல்லையாம். "அவரோட பிரஷருக்குப் பாக்குற டாக்டர் அது வேண்டாம்னுட்டாரும்மா, வாயிலயே வைக்கமாட்டார்" என்று பெரியம்மா வெள்ளை மனதோடு சொன்னார். கையில் துருப்புச்சீட்டு கிடைத்தது என்று ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா, தான் சாப்பிடாம தம்பிக்கு அனுப்புறாரு."

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. இது வால்வால் வந்ததில்லை.

உங்களுக்குப் போன் செய்தபோது, "அவ்வளவுதானே, சொல்லிட்டா போச்சு" என்றீர்கள். மறுநாள் முன்பைவிடப் பெரிய ஜாடி வந்தது, மேலே "தம்பிக்கு, சீக்கிரம் தேற" என்ற சீட்டோடு. ஆகவே பெரியப்பா, எழுத்தில் கேட்கிறேன். கடையைச் சாத்துங்கள் என்று கேட்கவில்லை. படத்தைத் திருப்பி மாட்டுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை, அது தொங்குகிறபடி தொங்கட்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த ஜாடியோடு நிறுத்துங்கள். ஒரு நாள் நேரில் வாருங்கள். அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, "தம்பி, எனக்குத் தெரியாமப் போச்சு, இது உனக்கு ஆகாது, விட்டுடு" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். காரணம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்னதற்கு அவர் இதுவரை எப்போது காரணம் கேட்டிருக்கிறார்? கிணற்றில் குதி என்று நீங்கள் சொன்னால், எந்தக் கிணறு என்று மட்டும்தான் கேட்பார். ஆராய்ச்சியும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து செய்ய முடியாத வேலையை நீங்கள் வந்து உட்கார்ந்த மாத்திரத்தில் செய்துவிடலாம். தெரியாமப் போச்சு என்று சொல்வது கடினம் என்று எனக்கும் தெரியும். நான் செய்கிற வேலையில் அதைத் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது, யாரும் செத்துப்போவதில்லை. சொல்லாமல் விட்டால்தான் சில சமயம் அப்படி நடக்கும்.

வேறு விசேஷம் இல்லை. பெரியம்மாவுக்கு என் அன்பு. இரண்டு கடைகளும் தழைக்கட்டும், கல்லா நிறையட்டும், உங்கள் ரத்த அழுத்தம் மட்டும் இறங்கட்டும். மூத்தவர்களை வாழ்த்தும் வயது எனக்கு இல்லை, இருந்தாலும் வேறு யாரும் வாழ்த்தமாட்டார்கள் போலிருப்பதால் வாழ்த்துகிறேன்.

பணிவுடன்,
தங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டுவைத்த பிறகு அப்பாவை மறுபடியும் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், நிறுத்துவாரா என்று கேட்டார். மாட்டார் என்றேன். பிடுங்கி வைத்தால்? மறைத்துக் குடிப்பார் என்றேன். அவர் மருந்துச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அப்ப வெளிப்படையாவே குடிக்கட்டும். தினமும் ஒரே வேர், ஒரே அளவு. அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திரையை ஏத்திக்கிறேன். ஆனா ஒண்ணு, நடுவுல வேரை மட்டும் திடீர்னு நிறுத்தினா, ஏத்தின மாத்திரை தனியா நின்னு வேலை செய்யும். எங்கயாவது ரத்தம் கசிஞ்சா நிக்காது" என்றார். ஆகவே மேலே கேட்டதை எல்லாம் கேட்காததாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜாடியை நிறுத்தாதீர்கள். நேரில் வராதீர்கள். வந்தால் எதுவும் சொல்லாதீர்கள். வேறு ரகம், புது வரவு, சக்தி கூடியது என்று எதையும் மாற்றி அனுப்பிவிடாதீர்கள். இதே வேரைத்தான், தடையில்லாமல், என் அப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று சோதனையில் எண் சரியாக வந்தது. அப்பா முதலில் உங்களுக்குத்தான் போன் செய்தார்.